பழைய பான நிறுவனங்கள் சறுக்கிய இடங்கள்

பல தலைமுறை கண்ட பானத்தைப் போட்டியாளர் வந்து ஒழித்துக்கட்டியதாகக் கதைகள் அதிகம் இல்லை. பெப்சி எவ்வளவோ முட்டி மோதியும் கோகோ கோலா விழவில்லை. அதைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது அட்லாண்டாவில் உட்கார்ந்திருந்த அதன் சொந்த நிர்வாகம்தான்.

1970-களின் நடுவில் பெப்சி ஒரு வேலை செய்தது. பெயர் தெரியாதபடி இரண்டு கோப்பைகளை நீட்டி, எது பிடித்திருக்கிறது என்று கடைவீதிகளில் கேட்டது. நிறைய பேர் பெப்சியைக் கைகாட்டினார்கள். கோக் அரண்டுபோனது. இனிப்பைக் கூட்டிப் புதிதாக ஒன்றைத் தயாரித்து, ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தது. புதியதுதான் ஜெயித்தது. 1985 ஏப்ரல் 23 அன்று புது கோக் வந்தது, பழையது கடையை விட்டுப் போனது. ஆத்திரத்தோடு வந்த போன்களுக்குப் பதில் சொல்லி மாளாமல், ஜூலை 11-ஆம் தேதி பழையதையே 'கிளாசிக்' என்று திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஒரு வாய் குடித்தால் இனிப்பு கூடியதுதான் நாக்குக்குப் பிடிக்கும். முழு பாட்டிலையும் குடிக்கும்போது, அதையே தினம் குடிக்கும்போது, அப்படி இல்லை. இதைவிடப் பெரிய கோளாறு கேள்வியில் இருந்தது. 'இது வந்தால் பழையது இனிக் கிடைக்காது, பரவாயில்லையா?' என்று ஜனங்களிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. இரண்டு லட்சம் பேரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள்! எல்லாமே விளம்பரத்துக்காகப் போட்ட நாடகம் என்று அப்போதே பேச்சு கிளம்பியது. அவ்வளவு முட்டாள்களும் இல்லை, அவ்வளவு கெட்டிக்காரர்களும் இல்லை நாங்கள் என்று கம்பெனித் தலைவர் டொனால்ட் கியோ பதில் சொன்னார். எனக்கென்னவோ அந்தப் பதில் நம்பும்படியாகவே இருக்கிறது.

ஒரே நாளில் மாற்றியதால் ஜனங்கள் கத்தினார்கள், 79 நாளில் திருத்திக்கொள்ள முடிந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஷ்லிட்ஸ் பீருக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டில் விற்பனையில் இரண்டாம் இடத்தில் இருந்த பீர் அது. செலவைக் குறைக்க, நொதிக்க விடும் நாட்களைச் சுருக்கினார்கள். பார்லி மால்ட்டில் ஒரு பங்கைக் குறைத்து சோளச் சிரப்பைச் சேர்த்தார்கள். சாம்பாரில் பருப்பைக் குறைத்துக்கொண்டே வரும் ஓட்டல் மாதிரிதான்: நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது, பழைய வாடிக்கையாளர் மட்டும் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிடுவார். 1976-இல், பீர் கலங்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளையும் மாற்றினார்கள். சேர்மானங்களை லேபிளில் போடச் சொல்லி அரசு உத்தரவிடும் என்ற பயம்தான் காரணம். புதிதாகச் சேர்த்த பொருளுக்கும் நுரை நிற்பதற்காகச் சேர்த்த பொருளுக்கும் ஒத்துப்போகவில்லை. பாட்டிலுக்குள் செதில் செதிலாக மிதந்தது. ஒரு கோடி பாட்டில்களையும் கேன்களையும் திரும்ப எடுத்தார்கள். 1982-இல் ஸ்ட்ரோ கம்பெனி ஷ்லிட்ஸை வாங்கிக்கொண்டது.

விலைக்கு வாங்கிய பெயரைக் குழிதோண்டிப் புதைப்பது இன்னொரு ரகம். 1977-இல் இந்தியாவை விட்டுப் போன கோக், 1993-இல் திரும்பி வந்தபோது பார்லேயிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட்டை வாங்கியது. கூடவே, ஊர் ஊராக பாட்டில் நிரப்பித் தரும் ஆட்களும், பெட்டிக்கடை வரை கிரேட் இறக்கி, காலி பாட்டிலை எடுத்துப்போகும் ஏற்பாடும் கைக்கு வந்தன. தம்ஸ் அப்பைக் கவனிக்காமல் விட்டால் அதைக் குடிப்பவர்கள் தானாக கோக்குக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அந்த காரமான கேஸுக்குப் பழகிய தொண்டைக்கு கோக் சப்பென்றிருந்தது. தம்ஸ் அப் விட்ட இடத்தை பெப்சி பிடிக்கும் என்பது உறைத்த பிறகு மறுபடி அதற்குச் செலவழித்தார்கள். 2021-இல் அதன் விற்பனை நூறு கோடி டாலரைத் தாண்டியது. கோல்ட் ஸ்பாட்டுக்கு அந்த மறுபிறப்பு கிடைக்கவில்லை, ஃபேன்டாவுக்கு இடம் விட்டு மறைந்தது. சும்மா கிடந்த கேம்பா கோலா என்ற பெயரை 2022-இல் ரிலையன்ஸ் காசு கொடுத்து வாங்கியிருக்கிறது. 1916-இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கோ, தன் பொவண்டோவை இன்னும் தானே விற்கிறது.

விலையில் கையைக் கட்டிக்கொள்வதையும் சொல்ல வேண்டும். 1899-இல் கோக்கை பாட்டிலில் அடைக்கும் உரிமையை இரண்டு வக்கீல்களுக்கு ஒரே டாலருக்கு எழுதிக் கொடுத்தார் அப்போதைய முதலாளி ஆசா கேண்ட்லர். பாட்டிலில் அடைப்பவர்களுக்கு கோக் தரும் சிரப்பின் விலை நிரந்தரமாக ஒன்றே, ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதியும் கிடையாது. முதல் உலகப் போரையொட்டி சர்க்கரை விலை ஏறியபோது விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 1886-இல் வைத்த ஐந்து சென்ட் சில்லறை விலையும் 1950-கள் வரை நகரவில்லை. காசு போட்டால் பாட்டில் தரும் இயந்திரங்கள் ஐந்து சென்ட் நாணயத்தை மட்டுமே விழுங்கும், விலையைக் கூட்டினால் பத்து சென்ட் ஆக்க வேண்டும். 1953-இல் ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அடிக்கச் சொல்லி அதிபர் ஐசனோவரிடமே கேட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை. பத்து ரூபாய் என்பதையே பெரிய எழுத்தில் விளம்பரமாக்கும் நம் ஊர்க் கம்பெனிகள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம்.

கடைசியாக ஒன்று, ஆளுக்கொரு விளக்கம் சொல்வது. 1990-இல் பிரான்சின் பெர்ரியே பாட்டில் தண்ணீரில் பென்சீன் என்ற நச்சு ரசாயனம் இருப்பதாக அமெரிக்கப் பரிசோதனைக் கூடம் ஒன்று கண்டுபிடித்தது. அமெரிக்காவுக்குப் போன பாட்டில்களில் மட்டும்தான் பிரச்சினை, சுத்தம் செய்யும்போது நடந்த தவறு என்றார்கள் பெர்ரியேக்காரர்கள். ஐரோப்பாவில் விற்ற பாட்டில்களிலும் அது இருந்தது தெரிந்ததும், ஊற்றிலிருந்து வரும் வாயுவைச் சுத்தப்படுத்தும் ஃபில்டரை மாற்றாததே காரணம் என்றார்கள். 16 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றார்கள். தப்பு ஃபில்டரில்தான் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் போன பாட்டில்களோடு முடிந்திருக்கும். இரண்டு வருடத்தில் நெஸ்லே பெர்ரியேவை வாங்கியது.