பஃபேயில் எதை எடுப்பது, எதை விடுவது

கீழக்கரையில் கல்யாண வீட்டுக்குப் போனால் சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். நெய்ச்சோறு, களறிக் கறி, தாளிச்சா. போதும் என்று கையை விரித்து மறைத்தாலும் விரல் இடுக்கு வழியாக மறுசோறு விழும். ஆகவே அளவில்லாமல் சாப்பிடுவது எங்களுக்குப் புதிதல்ல. நாமே தட்டைத் தூக்கிக்கொண்டு நாற்பது, ஐம்பது பாத்திரங்களுக்கு முன்னால் நின்று முழிப்பதுதான் புதிது. போன வருடம் உம்மாவை மதுரையில் ஒரு பஃபேக்கு அழைத்துப்போனேன். சாம்பார், ஜிலேபி, நூடுல்ஸ், இறால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஜிலேபியின் பாகு மெல்ல சாம்பாருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "பரிமாற ஆள் இல்லாத வீட்டில் விருந்து வைத்தால் இப்படித்தான் வாப்பா" என்றார்.

துபாயில் 11 ஆண்டுகள் ஓட்டல் பஃபேக்குப் பின்னால் நின்றவன் நான். பாத்திரம் காலியானால் நிரப்புவதும், மேல் பகுதி காய்ந்தால் கிளறிவிடுவதும், கூட்டம் குறைந்தால் பெரிய பாத்திரத்தை எடுத்துவிட்டுச் சின்னது வைப்பதும் என் வேலை. அந்தப் பக்கம் நின்றால் ஒன்று விளங்கிவிடும். பஃபேயில் ருசி சமையல்காரரின் கையில் பாதிதான். மீதி, அந்த உணவு மூடிக்குள் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதில் இருக்கிறது. கிடக்கக் கிடக்கத் தேறும் உணவு உண்டு, பத்தே நிமிடத்தில் செத்துப்போகும் உணவு உண்டு. எந்த நாட்டுச் சமையல் நல்லது என்று என்னைக் கேட்பவர்களுக்கு இதை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் நேரம். மதிய பஃபே பன்னிரண்டரைக்குத் திறந்தால் பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே இருங்கள். மூன்று மணிக்குப் போனால் நீங்கள் சாப்பிடுவது பன்னிரண்டரைக்கு வைத்ததன் மிச்சமாக இருக்கலாம். கூட்டத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கூட்டம் இருந்தால் பாத்திரம் சீக்கிரம் காலியாகும், புதிது வரும். ஆளில்லாத கூடத்தில் விளிம்பு வரை நிரம்பிய பாத்திரங்கள் இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

உள்ளே போனதும் தட்டை எடுக்காமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடங்கள். வாசல் பக்கம் ரொட்டி, சாலட், சூப் இருக்கும். கறியும் சுட்டதும் கடைசி மூலையில் இருக்கும். அது தற்செயல் அல்ல, நாங்கள் அப்படித்தான் அடுக்குவோம். விலை மலிந்ததும் வயிற்றை அடைப்பதும் முதலில். அந்தச் சுற்றிலேயே மூடிகளைத் திறந்து பாருங்கள். அந்த எவர்சில்வர் பாத்திரத்தின் அடியில் வெந்நீர்த் தட்டு, அதற்கும் கீழே சின்ன டப்பாவில் நெருப்பு. அது சூட்டைக் காப்பாற்றுமே தவிர, ஆறியதைச் சூடாக்காது. மூடியைத் தூக்கியதும் முகத்தில் ஆவி அடிக்க வேண்டும். சூடான உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது என்பது எங்கள் சமையலறைச் சுவரிலேயே ஒட்டியிருந்த கணக்கு. இவ்வளவு தெரிந்த நானே ஊர் வந்த புதிதில் ஓர் ஓட்டலில் வெதுவெதுப்பான இறாலை ஆசைப்பட்டு அள்ளிவிட்டு, இரண்டு நாள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரோடு கிடந்தேன்.

இனி சமையல் வகைகள். எனக்கு முதலிடம் அரபுச் சமையல்தான். பதினொரு வருடப் பாசம் என்று நினைக்க வேண்டாம், காரணம் இருக்கிறது. ஹம்முஸ் (கொண்டைக்கடலை விழுது), முத்தபல் (சுட்ட கத்திரிக்காய் விழுது), தப்பூலே (பொடியாக நறுக்கிய பார்ஸ்லி இலைச் சாலட்) போன்றவை குளிர்ந்தே சாப்பிட வேண்டியவை. ஆறிப்போகும் கவலையே கிடையாது. ரொட்டியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், அது வயிற்றில் போய்ப் பாய் விரித்துப் படுத்துவிடும். அடுத்தது ஹரீஸ். கோதுமையும் இறைச்சியும் மணிக்கணக்கில் வெந்து, கடையப்பட்டு, நெய் ஊற்றி வருவது. 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பதார்த்தம். முதல் தடவை வாயில் வைத்தபோது நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியின் பணக்கார ஒன்றுவிட்ட அண்ணன் என்றுதான் தோன்றியது. கஞ்சியைப் போலவே இதுவும் பாத்திரத்தில் கிடக்கக் கிடக்கச் சேர்ந்துகொள்ளும். ஊஸி இருந்தால் விடவே கூடாது. சோற்றின் மேல் முழு ஆட்டைப் படுக்கவைத்து ஓர் ஆள் அறுத்துக் கொடுப்பார். மேலாக இருக்கும் சதையை அவர் வெட்டப்போகும்போது, "தோள்பட்டையில், எலும்போடு ஒட்டினதைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். மேல்சதை விளக்குச் சூட்டில் காய்ந்திருக்கும். எலும்பை ஒட்டியது விரல் பட்டாலே கழன்று வரும்.

இரண்டாவது, வட இந்தியக் குழம்பு வகை. தால் மக்கனி, ராஜ்மா, நெடுநேரம் வெந்த ஆட்டுக்கறி எல்லாம் பழைய மீன்குழம்பு மாதிரி, நேரம் போகப் போக உப்பும் புளிப்பும் உள்ளே இறங்கும். பனீர் அப்படியல்ல, அரை மணியில் ரப்பராகிவிடும். நாணைப் பாத்திரத்திலிருந்து எடுக்காதீர்கள், மேசைக்குச் சூடாகக் கொண்டுவரச் சொல்லலாம். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். காரம் மட்டும் எதிலும் இருக்காது. எல்லா ஊர் நாக்குக்கும் பொதுவாகச் சமைத்தது அல்லவா? உம்மா அன்று கைப்பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார். வறுத்து இடித்த முண்டு மிளகாய்ப் பொடி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் இராமநாதபுரத்துச் சரக்கு. பரிமாறுகிறவர் பார்த்தும் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்.

பிரியாணிக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒவ்வொரு தடவை மூடி திறக்கும்போதும் மேல்சோறு கொஞ்சம் காயும். கரண்டியை ஓரமாக நட்டு, அடி வரை இறக்கி, ஒரே தூக்காகத் தூக்குங்கள். கறியும் ஈரமும் அடியில்தான் இருக்கும். வரிசையில் பின்னால் நிற்பவர் முறைத்தால் சிரித்துவிடுங்கள்.

சீனச் சமையலை நான் பஃபேயில் தொடுவதில்லை. அது வாணலியிலிருந்து நேராகத் தட்டுக்கு வர வேண்டியது. மூடிக்குள் போனால் நூடுல்ஸ் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும், மொறுமொறுப்பாக இருந்த கோபி மஞ்சூரியன் நனைந்த பஞ்சாகும். பாஸ்தாவும் இதே சாதிதான். ஆனால் கண் முன்னால் வதக்கிக் கொடுக்கும் அடுப்பு இருந்தால் இரண்டையும் தாராளமாக வாங்கலாம். தோசைக்கும் அதே விதி. அடுக்கி வைத்த தோசையைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இராமேசுவரத்தில் யாத்திரை வருகிறவர்கள் தங்கும் விடுதிகளில் காலை பஃபே இருந்தால் இட்லி, பொங்கல், வடகறி எடுங்கள். பூரியையும் வடையையும் அப்போதே பொரித்தால் மட்டும்.

மீன் விஷயத்தில் நம் பக்கத்து ஆட்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மீன் என்று எழுதியிருந்தால் கால் தானாகப் போகிறது. முள்ளும் மணமும் இல்லாத அந்த வெள்ளைத் துண்டு, பல இடங்களில் வியட்நாமிலிருந்து உறைந்து வரும் பாசா. பண்ணையில் வளர்த்த நன்னீர்க் கெளுத்தி வகை. பாம்பனில் விளைமீனும் பாறையும் கண் மங்குமுன் வாங்கித் தின்கிறவர்களுக்கு அது எதற்கு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது மீன் ஆசை மிஞ்சினால் நாட்டுப்படகு கரை சேரும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள், பஃபேக்குப் போக வேண்டாம். பனிக்கட்டியின் மேல் கிடத்திய பச்சை மீனோ சிப்பியோ இருந்தால் அடியில் பனிக்கட்டி கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீராகியிருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

எடுக்கும் முறையைச் சுவீடன்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம். பல பண்டங்களை மேசையில் பரப்பி வைக்கும் அவர்களுடைய ஸ்மோர்கோஸ்போர்டு விருந்துதான் இந்தப் பஃபேக்கெல்லாம் ஒரு மூதாதை. 1958-இல் டோக்கியோவின் இம்பீரியல் ஓட்டல் அதைப் பார்த்துத்தான் ஜப்பானில் தொடங்கி, 'வைகிங்' என்று பெயர் வைத்தது. இன்றும் ஜப்பானில் பஃபேயை வைகிங் என்றே சொல்கிறார்கள். சுவீடன் முறையில் முதல் தட்டு ஊறவைத்த ஹெர்ரிங் மீன், பிறகு மற்றக் குளிர்ந்த மீன்கள், குளிர்ந்த இறைச்சி, அதன் பிறகு சூடானவை, கடைசியில் இனிப்பு. ஒவ்வொரு தடவையும் புதுத் தட்டு. நாமும் அப்படியே செய்யலாம்: ஒரு தட்டில் மூன்று பண்டத்துக்கு மேல் வேண்டாம், அதுவும் இரண்டிரண்டு வாய். பிடித்தது எது என்று தெரிந்த பிறகு அதற்கு மட்டும் திரும்பிப் போங்கள். நடுவே பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடமாகும்.

இனிப்பில் உம்மு அலி இருந்தால் மற்றதைப் பார்க்காதீர்கள். பாலில் ஊறிய ரொட்டி அடுக்கும் பருப்புகளும் சுட்டு வரும் எகிப்துப் பண்டம். நடுவில் அள்ள வேண்டாம். விளிம்பில் பழுப்பேறிய பகுதியைச் சுரண்டி எடுங்கள். குட்டிக் குட்டிக் கேக்குகள் கண்ணுக்குத்தான்.

பில்லைப் பார்த்துக் கொடுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம், பெரிய நட்சத்திர ஓட்டல்களில் 18. சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். அன்று மதுரையில் நான் அதைப் பேசிக்கொண்டிருந்தபோது, உம்மா கழுவிய மிளகாய்ப் பொடி டப்பாவைத் துடைத்துக்கொண்டே, "ஊருக்குப் போய்ச் சேர எத்தனை மணியாகும்? இரவுக்குச் சோறு வடிக்க வேண்டும்" என்றார்.