பீரோவிலிருந்து கைப்பேசிக்கு: பள்ளி நூலகத்துக்கு இணைய நூற்பட்டியலும் வாட்ஸ்அப் சேனலும் அமைக்கும் முறை

பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகம் என்பது இரண்டு மூன்று இரும்பு பீரோக்களும் அவற்றின் சாவியை வைத்திருக்கும் ஒரு பொறுப்பாசிரியரும்தான். பீரோ பூட்டியிருக்கும்போது உள்ளே என்னென்ன நூல்கள் இருக்கின்றன என்று மாணவர்களுக்குத் தெரிய வழியில்லை. வீட்டில் இருக்கும் கைப்பேசியிலேயே அவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளும்படி எங்கள் பள்ளியில் செய்த ஏற்பாட்டை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதற்குச் செலவு எதுவும் இல்லை. கூகுள் கணக்குத் தொடங்குவதும் கூகுள் ஷீட் என்ற இணைய அட்டவணையில் தட்டச்சு செய்வதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பல பள்ளிகள் இன்ஸ்டாகிராம் பக்கத்திலிருந்து தொடங்குகின்றன. என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஒரு நூலின் அட்டைப்படத்தைப் பகிர்ந்து பிள்ளைகளுக்கு ஆசையை ஊட்டிவிட்டால், அந்த நூல் எந்த பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது, இப்போது இருக்கிறதா அல்லது வேறொருவர் கையில் இருக்கிறதா என்பதற்கும் உடனே விடை கிடைக்க வேண்டும். அதனால் முதலில் நூற்பட்டியல், பிறகு மாணவர் குறிப்புகள், அதன் பிறகே சமூக ஊடகம்.

படி 1: பள்ளியின் பெயரில் கணக்கு

எல்லாவற்றையும் பள்ளியின் பெயரில் தொடங்கிய கூகுள் கணக்கிலேயே செய்யுங்கள். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் செய்தால், பணியிட மாறுதல் வரும்போது பட்டியலும் அவரோடு போய்விடும். மீட்பு எண்ணாகத் தலைமையாசிரியரின் எண்ணைக் கொடுத்து, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அலுவலகக் கோப்பில் வைத்துவிடுங்கள்.

படி 2: பட்டியலின் கட்டங்கள்

பதிவு எண், தலைப்பு, ஆசிரியர், ஆசிரியரின் வேறு பெயர், பொருள், பீரோ எண், தட்டு எண், இருப்பு என எட்டுக் கட்டங்கள் போதும். பதிவு எண் உங்கள் இருப்புப் பதிவேட்டில் உள்ள அதே எண்ணாக இருக்கட்டும். புதிய எண் வரிசை எதையும் தொடங்க வேண்டாம். இருப்புக் கட்டத்தில் டிக் பெட்டியைச் செருகிக்கொண்டால், நூல் வெளியே போகும்போதும் திரும்பும்போதும் கைப்பேசியிலிருந்தே ஒரு தொடுதலில் மாற்றிவிடலாம்.

2000ஆம் ஆண்டு நியூசிலாந்தில் வெளிவந்த கோஹா என்ற கட்டற்ற நூலக மேலாண்மை மென்பொருளை நூலகர்கள் பலர் பரிந்துரைப்பார்கள். அது மிகச் சிறந்த மென்பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்குச் சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு நூல்கள் உள்ள பள்ளிக்கு ஷீட்டே போதுமானது, ஆசிரியர் மாறினாலும் அடுத்தவர் அதைத் தொடர முடியும்.

பார்கோடை ஸ்கேன் செய்தால் நூல் விவரம் தானாக நிரம்பும் செயலிகளைத் தமிழ் நூல்களுக்கு நம்ப வேண்டாம். பழைய நூல்களில் ஐஎஸ்பிஎன் என்ற பன்னாட்டுத் தர நூல் எண்ணே கிடையாது. 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் இந்திய எண் உள்ள நூல்களிலும் பலவற்றின் விவரம் அந்தச் செயலிகளின் தரவில் இருப்பதில்லை. ஹைடெக் லேபில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் தலைப்பைப் படிக்க மற்றவர் தட்டச்சு செய்வதே விரைவான வழி. கைப்பேசியில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டின் தமிழ்க் குரல் தட்டச்சும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பெயரின் முன்னெழுத்துகளில் அது தடுமாறும் என்பதால் ஆசிரியர் கட்டத்துக்கு மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: எழுத்துகளைச் சீர்செய்தல்

அதிக நேரம் இந்தப் படிக்குத்தான் தேவைப்படும். இதைத் தவிர்த்தால் பட்டியல் முழுமையாக இருந்தும் தேடும் நூல் கிடைக்காது.

உங்கள் பள்ளியில் முன்பே தட்டச்சு செய்த பட்டியல் இருந்தால் அது பாமினி அல்லது வானவில் போன்ற, யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு மாறாத பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்புண்டு. அதை ஷீட்டில் ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரியும். அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எழுத்துரு மாற்றும் மென்பொருளான என்எச்எம் கன்வெர்ட்டரில் மூல எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றினால் பட்டியல் அப்படியே தமிழாகிவிடும்.

அடுத்த சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. 'வௌவால்' என்ற சொல்லின் முதல் எழுத்தை ஔகாரக் குறியோடு எழுதுவதே சரி. ஆனால் பலர் 'வெ'யைத் தட்டி அடுத்து 'ள' என்ற எழுத்தைத் தட்டுகிறார்கள். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும், ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். மௌனம், கௌதமன், பௌர்ணமி என எல்லாவற்றிலும் இது நடக்கும். அதற்காக 'வெள' என்று வரும் இடங்களையெல்லாம் ஒரே கட்டளையில் மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வெள்ளி, வெளிச்சம், வெள்ளம் ஆகிய சொற்களும் உடைந்துபோகும். 'கெள'வை மாற்றப் போனால் கெளுத்தி மீன் சிதைந்துவிடும். தேடி மாற்றும் பெட்டியில் முழுச் சொல்லையே கொடுத்து, ஒவ்வொரு சொல்லாக மாற்றுங்கள்.

மூன்றாவது, ஆசிரியர் பெயர். ஒரு பீரோவில் உள்ள நூல்களைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் 'கி. ராஜநாராயணன்', 'கி.ராஜநாராயணன்', 'ராஜநாராயணன் கி.', 'கி.ரா.' என்று ஒரே எழுத்தாளர் நான்கு பேராகிவிடுவார். புள்ளிக்குப் பின் இடைவெளி இருப்பதும் இல்லாததும்கூடத் தேடலைக் கெடுக்கும். இதற்குத் தீர்வு, 'ஆசிரியர்கள்' என்று இரண்டாவது தாள் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொரு பெயரையும் ஒரே ஒரு முறை, முன்னெழுத்து, புள்ளி, இடைவெளி, முழுப்பெயர் என்ற ஒழுங்கில் எழுதி வைப்பதுதான். பிறகு முதல் தாளில் ஆசிரியர் கட்டம் முழுவதையும் தெரிவு செய்து, 'டேட்டா வேலிடேஷன்' பகுதிக்குச் சென்று, இரண்டாவது தாளின் பெயர் வரிசையைக் கீழிறங்கு பட்டியலாக இணைத்துவிட்டால், யார் தட்டச்சு செய்தாலும் பட்டியலில் உள்ள பெயரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 'கி.ரா.' போன்ற வழக்குப் பெயர்கள் வேறு பெயருக்கான கட்டத்தில் இருக்கட்டும், ஏனெனில் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள். இந்த ஏற்பாட்டை முதல் நூறு நூல்களைத் தட்டச்சு செய்வதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

படி 4: வெளியிடுதல்

'ஷேர்' பொத்தானை அழுத்தி இணைப்பை அனுப்புவதைவிட, ஃபைல் பட்டியில் உள்ள 'பப்ளிஷ் டு வெப்' வசதியையே நான் விரும்புகிறேன். அதில் நூற்பட்டியல் தாளை மட்டும் தேர்ந்தெடுத்து வெளியிடலாம். எளிய அட்டவணையாகத் திறக்கும் என்பதால் கூகுள் கணக்கோ செயலியோ தேவையில்லை. உலாவியின் 'ஃபைண்ட் இன் பேஜ்' வசதியில் தலைப்பைத் தட்டினால் அந்த வரி வந்து நிற்கும். நீங்கள் ஷீட்டில் செய்யும் மாற்றம் சில நிமிடங்களில் அங்கும் வந்துவிடும்.

யார் எந்த நூலை எடுத்திருக்கிறார் என்ற விவரம் இந்தக் கோப்பில் எங்கும் இருக்கக் கூடாது. மறைத்து வைத்த தாளில்கூட வேண்டாம், ஏனெனில் கோப்பைப் பார்க்கும் அனுமதி உள்ளவர் அதை நகலெடுத்துத் திறந்து பார்த்துவிட முடியும். மாணவர் பெயரும் எமிஸ் எண்ணும் (கல்வித் துறை தரும் மாணவர் அடையாள எண்) வழங்கல் பதிவேட்டிலேயே இருக்கட்டும்.

படி 5: மாணவர் குறிப்புக்கு ஒரு படிவம்

கூகுள் ஃபார்மில் வகுப்பு, நூலின் பதிவு எண், ஒரு கேள்வி ஆகியவை மட்டும் போதும். 'கதைச்சுருக்கம் எழுதுக' என்று கேட்டால் பின்னட்டையில் உள்ளதைத்தான் எழுதுவார்கள். 'எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படித்தாய், ஏன்?' என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கதையில் வரும் ஆடு தொலைந்த பக்கத்தை இரண்டு முறை படித்ததாகவும், தங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிக்கும் அதே பெயர்தான் என்றும் எழுதியிருந்தாள். அந்த இரண்டு வரிகளைப் பார்த்து அந்த நூலைத் தேடி வந்தவர்கள் பலர். மின்னஞ்சல் முகவரி சேகரிப்பதையும், ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாட்டையும் நிறுத்திவிடுங்கள். கோப்பு பதிவேற்றும் கேள்வியையும் சேர்க்காதீர்கள், அது கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். நல்ல குறிப்புகளைப் பள்ளிக்கல்வித் துறையின் 'தேன்சிட்டு' இதழுக்கும் அனுப்பி வைக்கலாம்.

படி 6: வாட்ஸ்அப் சேனல்

குழுவா சேனலா என்று கேட்டால், தயக்கமின்றிச் சேனல் என்பேன். குழுவில் ஒவ்வொருவரின் எண்ணும் மற்றவர்களுக்குத் தெரியும். பண்டிகை வாழ்த்துகளுக்கு நடுவில் நூல் அறிமுகம் காணாமல் போகும். சேனலில் நிர்வாகி மட்டுமே பதிவிட முடியும், பின்தொடர்பவரின் எண் மற்ற பின்தொடர்பவர்களுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்புக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் குறைந்தபட்ச வயது 13 என்பதால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கச் சொல்லக் கூடாது. பெற்றோரின் கைப்பேசியில் பின்தொடர்ந்தால் போதும்.

இணைப்புக் கிடைத்த எவரும் சேனலைப் பார்க்கலாம் என்பதை எப்போதும் நினைவில் வையுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது, அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. எங்கள் சேனலில் மாணவரின் படமோ முழுப்பெயரோ வருவதில்லை. நூலின் அட்டை, 'எட்டாம் வகுப்பு மாணவி' என்ற குறிப்போடு இரண்டு வரிகள், 'பதிவு எண் 412, பீரோ 3, தட்டு 2' என்ற இருப்பிடம், பட்டியலின் இணைப்பு ஆகியவைதான் ஒரு பதிவு. வாரம் ஒன்று போதும். வெள்ளிக்கிழமை மாலையில் பதிவிட்டால் திங்கட்கிழமை நூலைக் கேட்டு வருவார்கள்.

படி 7: மின்னூல்கள்

யாரோ ஸ்கேன் செய்து பரப்பும் பிடிஎஃப் கோப்புகளைப் பள்ளியின் சேனலில் ஒருபோதும் பகிராதீர்கள். இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. தமிழ் நூல்களை மின்னூல்களாக இலவசமாகத் தரும், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பிரதம் புக்ஸின் சிறுவர் கதைத் தளமான ஸ்டோரிவீவர் ஆகியவற்றின் இணைப்புகளைக் கொடுத்தாலே நிறைய வாசிக்கலாம். சிறு வகுப்புகளுக்கு நான் முதலில் காட்டுவது ஸ்டோரிவீவரைத்தான். அதில் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் ஏற்ற கதை கிடைத்துவிடும்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

பீரோ கதவில் ஒட்டிய க்யூஆர் குறியீடு சில வாரங்களில் பணம் கேட்கும் பக்கத்துக்குப் போகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சில இலவசத் தளங்கள் உங்கள் முகவரியை நேரடியாகப் பதிக்காமல் தங்கள் முகவரி வழியாகத் திருப்பிவிடுவதுதான் காரணம். கணினியில் குரோம் உலாவியிலேயே, பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு க்யூஆர் குறியீட்டை உருவாக்கும் வசதி இருக்கிறது. அதில் எடுத்தது காலாவதியாகாது.

படிவத்தைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வருவதாக இருவர் கேட்டிருந்தனர். நிறுவனக் கணக்கில் உருவாக்கிய படிவம், அந்த நிறுவனத்தின் கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் எனக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கலாம். பதிலளிப்போர் பகுதியில் இணைப்பு உள்ள எவரும் என்று மாற்றிவிடுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளைப் பற்றிக் கேட்ட ஆசிரியைக்கு: ஷீட்டைப் பீரோ வாரியாகவும் பொருள் வாரியாகவும் அடுக்கி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, அந்தந்த பீரோ கதவின் வெளிப்புறத்தில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். இருப்புக் கட்டத்தை அச்சில் விட்டுவிடலாம். புதிய நூல்கள் வந்ததும் அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சிட்டு மாற்றினால் போதும்.