பெலோஜியாவும் கண்ணாடி மூடியும்

நாலு நாள் படுத்திய தொல்லை நேற்றுதான் தீர்ந்தது, அப்பாடா என்றிருக்கிறது.

பாரிஸ் பழம்பொருள் சந்தையில் காரோன் என்ற பிரெஞ்சு சென்ட் நிறுவனத்தின் பெலோஜியா சென்ட், பழைய குப்பி ஒன்று கிடைத்தது. எர்னஸ்ட் டால்ட்ரோஃப் 1927இல் உருவாக்கிய கார்னேஷன் பூ வாசனை. கார்னேஷனிலும் கிராம்பிலும் யூஜினால் என்ற மணப்பொருள் உண்டு என்பதால் கிராம்பு மணம் தூக்கலாக வரவேண்டும். எனக்கு வந்ததோ நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி.

பழைய சென்ட்டில் முதலில் கெடுவது தடவியதும் எழும் மணம்தான், பொறுத்தால் சரியாகும் என்று அரை மணி நேரம் காத்திருந்தேன். குறைந்தது, போகவில்லை. இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்தேன். பயனில்லை. மணிக்கட்டுக்குப் பதில் முழங்கை மடிப்பில் தடவினேன், அதே நெடி.

அப்புறம் குப்பியைச் சாய்த்தபோது ஒரு சொட்டு கைக்குட்டையில் விழுந்தது. அதில் நெடியே இல்லை! அதுவரை கண்ணாடி மூடியால்தான் தொட்டுத் தடவியிருந்தேன். மூடியை வெளிச்சத்தில் பார்த்தால், சொரசொரப்பான அடிப்பகுதியில் வெல்லப்பாகு மாதிரி பழுப்புப் பிசின். பல வருடம் தோலில் பட்டுப் பட்டுத் திரும்பிய எண்ணெயும், காற்றுப் பட்டுக் கெட்ட சென்ட்டும் அங்கேயே காய்ந்திருக்க வேண்டும்.

மருந்துக்கடை ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து, பஞ்சு வெள்ளையாக வரும்வரை மூன்று தடவை துடைத்தேன். குப்பியின் கழுத்து உட்புறத்தையும் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். துளிகூட உள்ளே விழாதபடி குச்சியைப் பிழிந்துகொள்வது முக்கியம். ஒரு மணி நேரம் உலரவிட்டு மூடினேன்.

இப்போது கண்ணாடிச் சொட்டுக்குழாயால்தான் எடுக்கிறேன். முதல் நிமிடம் லேசான புளிப்பு, உடனே கிராம்பு, பிறகு ரோஜா. இன்று காலை கைக்குட்டையில் சந்தனம் மட்டும் மிச்சமிருந்தது.