ஹேட்ரியன் சுவரோரம் முதல் நடை: எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது

வட இங்கிலாந்தில் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்கு ஓடும் ரோமானியச் சுவர் இது. பேரரசர் ஹேட்ரியன் ஆணைப்படி கி.பி. 122-இல் வேலை தொடங்கியது. அதை ஒட்டிய நடைபாதையின் நீளம் 135 கி.மீ. முதல்முறை போகிறவர்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஸ்டீல் ரிக் முதல் ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரை சுமார் 5 கி.மீ. நடந்தால் போதும். அழகும் முட்டிவலியும் இந்தத் துண்டிலேயே தாராளமாகக் கிடைக்கும்.

ஐந்து கிலோமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். இங்கே சுவர் ஓடுவது கரும்பாறை முகட்டின் விளிம்பில். வடபக்கம் செங்குத்துச் சரிவு. முகடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

1. போய்ச் சேருவது
நியூகாசில்–கார்லைல் ரயிலில் ஹெக்ஸம் அல்லது ஹால்ட்விசில் நிலையத்தில் இறங்கி, ஏ.டி.122 பஸ்ஸைப் பிடியுங்கள். சுவர் தொடங்கிய ஆண்டையே பஸ்ஸுக்கு எண்ணாக வைத்திருக்கிறார்கள்! சீசன் இல்லாத மாதங்களில் பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். கால அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். 'தி சில்' பார்வையாளர் மையத்தில் இறங்கினால் கழிப்பறை, சாப்பாடு இரண்டும் உண்டு. தண்ணீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வழியில் கடை கிடையாது. ஸ்டீல் ரிக் அங்கிருந்து கொஞ்ச தூர ஏற்றம்தான்.

2. திசை
மேற்கிலிருந்து கிழக்காக நடங்கள். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், அது முதுகில் இருப்பது நல்லது. கோட்டையும் கடைசியில் வரும். வழி தெரிய ஏகோர்ன் (ஓக் மரத்தின் கொட்டை) சின்னம் போட்ட கம்பங்களைப் பாருங்கள்.

3. ஏற்ற இறக்கம்
முதல் சோதனை பீல் கிராக்ஸ். செங்குத்தான கல்படிகள், மழை பெய்திருந்தால் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ கட்டாயம், கையையும் ஊன்றிக்கொள்ளுங்கள். மேலே போனதும் மூச்சு வாங்கட்டும், அவசரமில்லை.

அப்புறம் பள்ளத்தில் ஒரு மைல்கோட்டையின் அடித்தளம் தெரியும். ரோமானிய மைலுக்கு ஒன்று, அதாவது ஏறக்குறைய ஒன்றரை கி.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் கட்டிய சிறு காவல் கோட்டைகள் இவை. அடுத்த பள்ளம்தான் சிகமோர் கேப். அங்கே நின்ற புகழ்பெற்ற மரத்தை 2023 செப்டம்பரில் யாரோ ராத்திரியில் வெட்டிச் சாய்த்தார்கள். 2025-இல் இருவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அடிக்கட்டையில் புதுத் துளிர் வந்திருக்கிறது, தொடாமல் பாருங்கள்.

மறுபடி ஏறினால் கீழே கிராக் லாஃப் ஏரி. பாதை விளிம்பை ஒட்டியே போகும், பலத்த காற்றடித்தால் தென்பக்கமாகவே நடங்கள். அதன்பின் பண்ணையருகே இறங்கி, ஹாட்பேங்க், கடீஸ் முகடுகளில் ஏற வேண்டும். கடீஸ் முகட்டில் கட்டாயம் நின்று பாருங்கள். பாறை வளைவோடு சுவர் நெளிந்து போவது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

4. சுவர்மேல் ஏறாதீர்கள்
முகப்புக் கல் உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே நிரப்பியிருப்பது உடைகல்தான். ஒரே இடத்தில் எல்லாரும் மிதித்தால் புல்தரை அழிந்து, அடியில் புதைந்திருப்பதும் கெடும். ஆகவே வரிசையாக வேண்டாம், பக்கம் பக்கமாக நடங்கள். ஹவுஸ்டெட்ஸுக்கு முன்னால் வரும் சின்னச் சோலையில் மட்டும் சுவர்மேல் நடக்க அனுமதி உண்டு. கேட்டைத் திறந்தால் மூடுங்கள், ஆடு மாடு மேயும் நிலம் அது.

5. முடிவில்
37-ஆம் மைல்கோட்டையின் வடக்கு வாசலில் நின்று பாருங்கள். வாசலைத் தாண்டினால் நேரே சரிவு! எங்கும் ஒரே வரைபடம் என்ற ரோமானியரின் பிடிவாதத்துக்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. சற்றுத் தள்ளி ஹவுஸ்டெட்ஸ் கோட்டை. உள்ளே போகக் கட்டணம் உண்டு. களைப்பாயிருந்தால் தென்கிழக்கு மூலையிலுள்ள சிப்பாய்களின் பொதுக் கழிப்பறையை மட்டுமாவது பாருங்கள், தண்ணீர் ஓடிய கால்வாய் அப்படியே இருக்கிறது. பஸ் நிறுத்தம் கீழே சாலையோரம். கோட்டையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிஷ இறக்கம் என்பதால், கடைசி பஸ்ஸுக்கு அரை மணி முன்பே கிளம்பிவிடுங்கள்.