பங்க்கில் பெயரைப் பார்க்காதீர்கள், வடிவத்தைப் பாருங்கள்

ஐரோப்பாவில் காரை வாடகைக்கு எடுத்தால், எரிபொருள் நிரப்பும் முன் டேங்க் மூடியின் உட்புறம் பாருங்கள். அங்கே வட்டம் இருந்தால் பெட்ரோல், சதுரம் இருந்தால் டீசல். அதே வடிவமும் அதே குறியும் உள்ள குழாயை எடுத்தால் போதும். உள்ளூர் மொழி தெரிய வேண்டியதில்லை.

2018 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் புதிய வண்டிகளிலும் பங்க்குகளிலும் இந்தக் குறிகள் கட்டாயம். பெயரை நம்பினால் தடுமாற வாய்ப்பு அதிகம்: இத்தாலியில் 'கசோலியோ' என்பது டீசல், பெட்ரோல் அல்ல. குழாயின் நிறமும் நாட்டுக்கு நாடு மாறும். பெட்ரோல் குழாய் மெலிதாக இருப்பதால் டீசல் டேங்க்கிலும் எளிதாக நுழைந்துவிடும். அதுதான் பெரிய ஆபத்து. தவறான எரிபொருளால் வரும் செலவைப் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை. தவறி ஊற்றிவிட்டால் எஞ்சினை இயக்கவே வேண்டாம், உடனே நிறுவனத்துக்கு ஃபோன் செய்யுங்கள்.

மூடியின் வட்டத்துக்குள் இ10 (E10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல்) என்று இருந்தால் இ5-ஐயும் (E5, 5 சதவீதம் வரை எத்தனால்) போடலாம். மூடியில் இ5 மட்டும் இருந்தால் இ10 வேண்டாம்.

2018-க்கு முந்தைய வண்டிகளில் இந்தக் குறி இல்லாமல் இருக்கலாம். அப்போது சாவி வாங்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இந்த வட்டமும் சதுரமும் கிடையாது.