காசு சேர்ப்பவர்கள் விடும் பிழைகள்: மாறி மாறி வரும் ஞாபகார்த்தக் குற்றிகளை முன்வைத்து

காசு சேர்க்கிறேன் என்று எங்கள் ஆட்களிடம் சொன்னால் அடுத்த கேள்வி “எந்த பாங்கில?” என்பதுதான். இல்லை, குற்றிக் காசு, பழைய காசு என்று விளக்கினால் முகம் கொஞ்சம் சுருங்கும். மாவட்டக் குற்றிகள் வந்த காலத்தில் மட்டும் யாருக்கும் முகம் சுருங்கவில்லை. 2013 என்று ஆண்டு பொறித்து, 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக, 25 பத்து ரூபாக் குற்றிகளை இலங்கை மத்திய வங்கி வெளியிட்டது. பதினொரு பக்கக் குற்றி. கடையில் கொடுத்துச் செலவழிக்கலாம். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிய அம்மா மிச்சக் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 100 இலக்க பஸ்ஸில் கொண்டக்டர் தந்த சில்லறையில் மன்னாரைக் கண்டு, இறங்க வேண்டிய தரிப்பை நான் விட்டுவிட்டேன்.

இப்படிக் குற்றியின் முகத்தை, அதாவது அதிலுள்ள படத்தை, மாற்றி மாற்றிக் காசு அடிப்பது சேகரிப்புக்கு நல்லதா, கெடுதலா? எங்களுக்குள் அடிக்கடி வாக்குவாதம் வரும். என்னைக் கேட்டால், புது ஆட்களைக் கூட்டி வருவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அப்படி வந்தவர்கள் சில பிழையான பழக்கங்களையும் சேர்த்தே பழகிவிடுகிறார்கள்.

முதல் பிழை, ஞாபகார்த்தம் என்றாலே அரிது என்று நினைப்பது. அமெரிக்காவைப் பாருங்கள். 1999 முதல் 2008 வரை 50 மாநிலங்களுக்கும் கால் டொலர் குற்றிகள் வந்தன, ஆண்டுக்கு ஐந்து. சனம் போட்டி போட்டுக்கொண்டு சுருள் சுருளாக ஒதுக்கி வைத்தது, பேரப்பிள்ளையின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று. 2000இல் வந்த வேர்ஜினியா குற்றி மட்டும் கிட்டத்தட்ட 159 கோடி அடிக்கப்பட்டது. எல்லோரும் பத்திரப்படுத்தினால் எதற்கும் தட்டுப்பாடு வராதே! கைமாறித் தேய்ந்த அந்தக் குற்றிகள் இன்றும் கால் டொலர்தான்.

இதற்கு நேர்மாறான கதை, இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக் கோபுரத்தின் படம் போட்ட பிரித்தானிய 50 பென்ஸ். 2009இல் வந்தது, அடித்தது 2,10,000 மட்டுமே. அப்போது கவனித்தவர்கள் குறைவு; பலர் அதைக் கொடுத்துப் பால் வாங்கியிருப்பார்கள். எண்ணிக்கை சில ஆண்டுகள் கழித்துப் பரவலாகத் தெரிந்த பிறகுதான் விலை ஏறியது. மொனாக்கோ 2007இல் தன் இளவரசி கிரேஸ் கெலி நினைவாக வெளியிட்ட 2 யூரோ இன்னும் மோசம்: 20,001தான். ஆகவே எத்தனை அடித்தார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். படம் எவ்வளவு அழகு என்பது பிறகு.

படத்தை மட்டும் பார்ப்பது அடுத்த பிழை. அதே கியூ கோபுரத்தை 2019இல் சேகரிப்பாளர்களுக்காக மறுபடி அடித்தார்கள். கோபுரப் பக்கத்தில் பழைய ஆண்டுகள் அப்படியே இருக்கும். தலைப் பக்கத்தில்தான் 2019 என்று தெரியும். கோபுரத்தை மட்டும் பார்த்து “ஆ, கியூ!” என்று காசைக் கொட்டினால் ஏமாற்றம்தான். குற்றியைக் கையில் எடுத்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும், விளிம்பையும் சேர்த்து.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை வேறு. முகம் மாறும் குற்றிகளில் பழகியவர்கள் முகம் மாறாதவற்றைத் தொடவே மாட்டார்கள். சுதந்திரப் பொன்விழாவுக்கு 1998இல் வந்த இரு உலோகப் பத்து ரூபா, 1999இன் கிரிக்கெட் ஐந்து ரூபா எல்லாம் எங்கள் வீடுகளில் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அதே காலத்துச் சாதாரண இரண்டு ரூபாவைத் தேய்மானம் இல்லாமல் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். யாரும் ஒதுக்கி வைக்கவில்லை, எல்லாம் சந்தையில் உருண்டு தேய்ந்துவிட்டன.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வேலை சொல்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுங்கள். 1984 என்று ஆண்டு போட்ட ஐந்து ரூபா அதில் ஒட்டாது. 2005 என்று ஆண்டு போட்ட ஐந்து ரூபா டக்கென்று ஒட்டும். உள்ளே உருக்கு, மேலே பித்தளைப் பூச்சு. படத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒரே காசு என்பார். விலைவாசி, உலோகச் செலவு, நாட்டின் பணம் தேய்ந்த கதை எல்லாம் அந்த ‘டக்’குக்குள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் சேதுக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். நந்தி, ‘சேது’ என்ற எழுத்து, இவைதான் திரும்பத் திரும்ப வரும். நந்தி எப்படிப் படுத்திருக்கிறது, எழுத்து எப்படி வளைகிறது என்று பார்ப்பதிலேயே ஆண்டுக்கணக்கைக் கழித்தவர்கள் உண்டு. அவர்களுக்கு யாரும் மூன்று மாதத்துக்கு ஒரு புது முகம் காட்டவில்லை.

அடுத்தது கழுவுவது. இதைச் சொல்லும்போது எனக்குக் கை பதறும். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருநாள் குத்துவிளக்குத் துலக்குவது போலத் தேசிக்காயும் திருநீறும் போட்டு மாவட்டக் குற்றிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “பாருங்கோ அண்ணை, கண்ணாடி மாதிரி இருக்கு!” இருந்ததுதான். ஆனால் கண்ணாடி போல மினுங்குவது வேறு, அச்சில் இருந்து வந்த பளபளப்பு வேறு. புதுக் குற்றியை மின்குமிழின் கீழ் மெல்லச் சுழற்றினால் வெளிச்சம் சில்லுக் கம்பிகள் போலச் சுற்றி ஓடும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் நகர்ந்த தடங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது அது. ஒருமுறை தேய்த்தால் அந்தத் தடங்கள் போய்விடும், திரும்பி வராது.

தம்பியைச் சொல்லி என்ன, நானும் ஏமாந்தவன்தான். புறக்கோட்டையில் நடைபாதையில் ஒருவரிடம் 1957இன் புத்த ஜயந்தி வெள்ளி ஐந்து ரூபா வாங்கினேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. அறுபது வயது தாண்டிய வெள்ளிக்கு அது கூடாத நிறம் என்று அன்றைக்குத் தெரியவில்லை. வீட்டில் பூதக்கண்ணாடி வைத்தால் எல்லாக் கீறலும் ஒரே திசையில். யாரோ மினுக்கும் பசை போட்டுத் துணியால் தேய்த்திருக்கிறார்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேர்க்க வருபவர்களுக்குக் காட்டுவதற்கு.

சேமித்து வைப்பதில் விடும் பிழையைச் சுருக்கமாகச் சொல்லலாம். மணக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதாவது பி.வி.சி., கொழும்பு வெக்கையில் இளகிக் குற்றியில் பச்சைப் பிசினாகப் படியும். கடலோரமாக இருக்கும் வீடுகளில் உப்புக் காற்று வேறு. பூச்சுப் பூசிய உருக்குக் குற்றியில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். பி.வி.சி. இல்லாத உறை வாங்குங்கள், பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள், ஒட்டுநாடாவைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் வதந்தி. முகம் மாறிக்கொண்டே இருப்பதால் சேகரிப்புக்கு வெளியேயும் ஒரு கேடு உண்டு: எது நல்ல காசு என்று சனத்துக்குக் குழம்பிவிடும். இந்தியாவில் பத்து ரூபாய் நாணயத்துக்கு அதுதான் நடந்தது. ஒன்றில் கோடுகள் கூட, ஒன்றில் குறைவு; போலி என்று தமிழ்நாட்டுக் கடைகளில்கூட வாங்க மறுத்தார்கள். 2018இல் ரிசர்வ் வங்கியே, 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, 14உம் செல்லும் என்று அறிவிக்க வேண்டி வந்தது. இதே குழப்பத்தில் மறுபக்கமும் உண்டு. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு இலட்சக்கணக்கில் விலை என்று வரும் வீடியோக்களைப் பார்த்து எனக்கே இரண்டு பேர் அழைப்பு எடுத்தார்கள். வாங்குபவர் முதலில் பதிவுக் கட்டணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள். வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

கடைசியாக, தொகுப்பை முடித்தே ஆக வேண்டும் என்ற வெறி. வடிவங்களை வரிசையாக வெளியிடுவதன் வசியமே குற்றிகளை அடுக்கும் தட்டில் இருக்கும் வெற்றுக் குழிகள்தான். 25 குழி உள்ள தட்டில் 24 நிரம்பினால் மிச்சம் ஒன்று இரவில் நித்திரை கொள்ள விடாது. அந்த நேரம் பார்த்து யாராவது முழுத் தொகுதியையும் பெட்டியோடு நீட்டினால் கை தானாகப் பைக்குள் போகும். அப்படி வாங்கினால் ஒரே நாளில் முடியும், மறுநாள் அதை எடுத்துப் பார்க்கவும் மனம் வராது. இரட்டையாக இருப்பதைக் கொடுத்து மாற்றுங்கள், மட்டக்களப்பிலோ பதுளையிலோ உறவினர் இருந்தால் சில்லறையைப் பார்க்கச் சொல்லுங்கள், பொறுத்திருங்கள்.

எனக்குக் கடைசியாக மிஞ்சியது கேகாலை. ஒன்றரை வருடம் வரவில்லை. பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு வெற்றிலைக் கடையில் மிச்சக் காசாக வந்தது, பதினொரு பக்கத்தில் ஒன்று நசுங்கி, ஓரத்தில் சுண்ணாம்பு ஒட்டி. அதற்குப் பிறகு நல்ல நிலையில் இரண்டு கேகாலை கிடைத்தும் தட்டில் இருப்பது அந்த நசுங்கின குற்றிதான். சுண்ணாம்பையும் நான் துடைக்கவில்லை.