கனடா ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தால்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கும் வெல்டருக்கும், பாளையங்கோட்டையில் நர்சிங் முடித்துவிட்டுக் காத்திருக்கும் பெண்ணுக்கும் வாட்ஸ்அப்பில் கனடா ஆஃபர் லெட்டர் வருவது இப்போது சகஜம். கொண்டு வருபவர் பெரும்பாலும் தெரிந்த அண்ணாச்சி ஒருவர்தான். அதனால்தான் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கூசாமல் முதலில் கேட்க வேண்டியது இது: "எல்.எம்.ஐ.ஏ.வுக்குப் பணம் யார் கட்டுவது?"

வெளிநாட்டு ஆளை எடுக்க அனுமதி கேட்டு, கனடா முதலாளி அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறையிடம் வாங்கும் ஒப்புதல்தான் எல்.எம்.ஐ.ஏ. ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடா டாலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் திருப்பி வாங்கக் கூடாது. 2022 செப்டம்பர் 26 முதல் விதி இன்னும் கடுமை. ஆள் சேர்ப்பதற்கான எந்தக் கட்டணத்தையும் முதலாளி வாங்கக் கூடாது. அவருக்காக ஆள் பிடிக்கும் ஏஜெண்டும் வாங்காமல் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, "எல்.எம்.ஐ.ஏ. செலவு மட்டும் எட்டு லட்சம்" என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை. ஒன்று, கடிதம் போலி. இல்லை, உண்மையான கடிதத்தை விலைக்கு விற்கிறார்கள். இரண்டாவதுதான் மோசம்: அங்கே போய் இறங்கிய பிறகு, சொன்ன வேலையும் இருக்காது, சம்பளமும் இருக்காது.

பணம் கேட்கவில்லை என்றால் கடிதத்தை விரித்து வைத்துப் படியுங்கள். ஆஃபர் லெட்டர் மட்டும் போதாது, எல்.எம்.ஐ.ஏ. நகல், அதன் எண், கையெழுத்தான வேலை ஒப்பந்தம் மூன்றும் வேண்டும். எல்.எம்.ஐ.ஏ.வைக் கொடுப்பது வேலைவாய்ப்புத் துறை. குடிவரவுத் துறை கொடுப்பது ஒர்க் பெர்மிட். குடிவரவுத் துறை முத்திரையோடு "எல்.எம்.ஐ.ஏ. அப்ரூவ்டு" என்று மேப்பிள் இலை போட்டு வந்தால், செய்தவருக்கு எந்த அலுவலகம் எதைக் கொடுக்கும் என்றே தெரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்து தொழில் குறியீடு. கனடாவில் ஒவ்வொரு வேலைக்கும் 'நாக்' எண் உண்டு. 2022 நவம்பர் முதல் குடிவரவு விண்ணப்பங்களில் ஐந்து இலக்கம்தான்: வெல்டருக்கு 72106, லாரி டிரைவருக்கு 73300. நான்கு இலக்க எண் போட்ட புதுக் கடிதம் பழைய மாதிரியைப் பார்த்து அடித்தது. தேதியையும் பாருங்கள். 2024 மே 1 முதல் எல்.எம்.ஐ.ஏ. ஆறு மாதம்தான் செல்லும். அதற்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தாக வேண்டும். "ரெண்டு வருஷம் வேலிடிட்டி இருக்கு, மெதுவா பணம் கட்டலாம்" என்பது பொய்.

சம்பளக் கணக்கை நீங்களே போடலாம். ஒன்டாரியோ மாகாணத்தில் 2025 அக்டோபர் 1 முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.60 டாலர். வாரம் 40 மணி நேரம் என்றால் 704 டாலர். மாதத்துக்குச் சுமார் 3,050, அதிலும் வரிப் பிடித்தம் உண்டு. பேக்கிங் வேலைக்கு மாதம் 6,000 டாலர் என்று எழுதியிருந்தால் சந்தேகப்படுங்கள். குறைந்த சம்பளப் பிரிவு எல்.எம்.ஐ.ஏ. என்றால் போக வர விமானச் செலவு முதலாளியுடையது. அது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

"எங்களுக்கு எல்.எம்.ஐ.ஏ.வே தேவையில்லை" என்றும் சிலர் சொல்வார்கள். விலக்குப் பெற்ற வேலைகள் உண்மையில் உண்டு. ஆனால் பொதுவாக அப்போதும் முதலாளி அரசு போர்ட்டலில் 230 டாலர் கட்டி, வேலை விவரத்தைப் பதிந்திருக்க வேண்டும். பதிந்தால் 'ஏ' எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட எண் ஒன்று வரும். அந்த எண்ணைக் கேளுங்கள்.

கம்பெனியைச் சரிபார்க்கக் கடிதத்தில் உள்ள போன் நம்பரை நம்பாதீர்கள். கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் நம்பரை எடுத்துக் கூப்பிடுங்கள். கோடையில் நம் இரவு ஏழரை மணி டொராண்டோவில் காலை பத்து. குளிர்காலத்தில் காலை ஒன்பது. எல்.எம்.ஐ.ஏ. பெற்ற முதலாளிகளின் பட்டியலைக் கனடா அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. அது தாமதமாக வரும் என்பதால் பெயர் இல்லாததை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம். விதிமீறிய முதலாளிகளின் பட்டியல் தனியாக இருக்கிறது. அதில் பெயர் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஏஜெண்டுக்கு இரண்டு கேள்விகள். இங்கிருந்து ஆள் அனுப்ப, 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடினால் தெரியும். பதிவு பெற்றவரும் இந்தியச் சட்டப்படி 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், அதாவது 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. கனடா முதலாளிக்காக எல்.எம்.ஐ.ஏ. வேலைக்கு ஆள் எடுப்பவர் என்றால், அந்நாட்டு விதிப்படி அதையும் வாங்க முடியாது.

பெர்மிட் விண்ணப்பத்துக்குக் காசு வாங்கி ஆலோசனை சொல்வது வேறு விஷயம். அதைச் செய்யப் பொதுவாகக் கனடா வழக்கறிஞராகவோ, அங்கே குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் 'காலேஜ்' என்ற அமைப்பின் உறுப்பினராகவோ இருக்க வேண்டும். அவர்கள் கட்டணம் வாங்கலாம். ஆலோசகரின் உறுப்பினர் எண் 'ஆர்' எழுத்தில் தொடங்கும். அந்த அமைப்பின் பொதுப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். வண்ணார்பேட்டையில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் இருப்பது உரிமம் ஆகாது. "என் பெயரை ஃபார்மில் போட வேண்டாம், நீங்களே செய்த மாதிரி இருக்கட்டும்" என்பவரை விட்டுவிடுங்கள்; பிரதிநிதி இருந்தால் ஐ.எம்.எம். 5476 படிவத்தில் அவர் பெயர் வர வேண்டும்.

விண்ணப்பம் உங்கள் சொந்த இ-மெயிலில், உங்கள் கணக்கில் போகட்டும். பெர்மிட் 155 டாலர், பயோமெட்ரிக் 85 டாலர். கைரேகைக்குச் சென்னையில் உள்ள வி.எஃப்.எஸ். விசா விண்ணப்ப மையத்துக்குப் போகலாம். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். இல்லாத அனுபவச் சான்றிதழை ஏஜெண்டே தயாரித்துச் செருகினாலும் விண்ணப்பம் உங்களுடையது. பொய்த் தகவல் என்று தீர்ந்தால் ஐந்து ஆண்டு கனடாவுக்குள் நுழைய முடியாது. அந்த ஐந்தாண்டில் நிரந்தர வசிப்புக்கும் விண்ணப்பிக்க முடியாது. "ஆஃபர் லெட்டர் இருந்தால் பி.ஆர். பாயிண்ட் ஏறும்" என்பதும் பழைய கதை, நிரந்தர வசிப்புக்கு ஆள் தேர்வு செய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அந்தப் புள்ளிகளை 2025 மார்ச் 25 அன்று நீக்கிவிட்டார்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டதா? ஏஜெண்டிடம் சண்டைக்குப் போகும் முன் வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். சண்டை வந்தால் முதலில் அழிவது அதுதான். ஆன்லைனில் கட்டி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள், தாமதித்தால் பணம் கைமாறிவிடும். நேரில் கொடுத்திருந்தால் ஊரைப் பொறுத்து மாநகர அல்லது மாவட்டக் குற்றப்பிரிவில், ரசீது, பேங்க் ஸ்டேட்மெண்ட் நகலோடு எழுத்துப் புகார். பதிவில்லாத ஏஜெண்ட் என்றால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலோ, சம்பளத்தில் ஏஜெண்ட் காசைப் பிடித்தாலோ அங்கிருந்தபடி கனடா அரசின் ரகசியப் புகார் எண் 1-866-602-9448க்குச் சொல்லலாம். புகார் செய்தவர் பெயரை வெளியிட மாட்டார்கள். ஒரே முதலாளிக்குக் கட்டுப்பட்ட பெர்மிட்டில் கொடுமைக்கு ஆளானவர்கள், வேறு இடத்தில் வேலை பார்க்கத் திறந்த பெர்மிட் கேட்கவும் 2019 ஜூன் முதல் வழி இருக்கிறது. சம்பளச் சீட்டு, மேலாளர் அனுப்பிய மெசேஜ், வேலை நேரக் குறிப்பு இவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு நகல் ஊரில் வீட்டாருக்கு அனுப்பி வைத்திருந்தால் அந்த விண்ணப்பத்துக்கு உதவும்.